அப்படியே நில்லு

சாலைப்புதூர் வடக்குத் தெருவில், பிச்சம்மாள் செத்துப்போய் முப்பத்தெட்டு வருஷம் கழித்து, ஆவணி மாசத்து முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அவள் தன் அண்ணன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து “ஏட்டி, தெரியுதா?” என்று கேட்டாள், கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு பேரும், பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு மூட்டுவலி, ஒருத்தர் பாக்கியில்லாமல் “தெரியல, இன்னுங் கொஞ்சம் திருப்பு!” என்று கத்தினார்கள். கத்தி முடித்த பிறகுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் அந்த வீட்டு மாடியில் ஆண்டெனா கிடையாது. அது நின்ற இரும்புக் குழாயை அறுத்து வாசல் கேட்டுக்குப் போட்டு இருபது வருஷம் இருக்கும். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்தது சுவரோடு ஒட்டின பெரிய டி.வி.; அதன் முதுகில் கேபிள் சண்முகையா செருகியிருந்த பென்டிரைவ். அந்தக் காலத்தில் பதின்மூன்று வாரம் ஓடின ‘தபால்காரர் வீடு’ நாடகத்தை எந்த மகராசனோ நெட்டில் ஏற்றி வைத்திருக்க, சண்முகையா அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, சின்ன வயசில் எங்கே உட்கார்ந்து பார்த்தோமோ அங்கேயே பார்க்கவேண்டும், வாரம் ஒன்றுதான், அப்போதுதான் ருசி என்று தெருவையே கிளப்பிவிட்டிருந்தான். எங்கே என்றால் ஆவுடையப்பன் வீட்டில். தெருவில் முதல்முதலாக டி.வி. வந்த வீடு அது. பெட்டிக்குக் குமிழும் பூட்டும் வைத்த மரக்கதவு இருந்தது. அதைத் திறக்கிற உரிமை ஆவுடையப்பனுக்கு மட்டும்தான்.

இப்போது ஆவுடையப்பனுக்கு எண்பத்துநாலு. அதே கூடத்தில், அதே இடத்தில் ஈஸிசேரில் கிடக்கிறார். பக்கத்தில் நின்று பேசினால்கூட “என்ன?” என்று கேட்கிற மனுஷர், தங்கச்சியின் குரல் மாடியிலிருந்து வந்ததும் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். பார்த்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

படம் தெளியவில்லை. தபால்காரரின் மருமகள் வாசலில் நிற்கிறாள், அவள் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக எறும்பு ஊர்கிறது. “ஏட்டி, தெரியுதாட்டி?” என்று மாடி மறுபடி கேட்டது. கூடம் மறுபடி கத்தியது. எறும்பு குறையவில்லை. அப்போது அத்தனை பேர் தலையும் அடுப்பங்கரை வாசலுக்குத் திரும்பியது. அங்கே காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் பேச்சியம்மாள், ஆவுடையப்பன் மகள், வயது நாற்பத்தெட்டு, பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடுகிறவள், எதற்கும் அசராதவள் என்று பெயர் வாங்கினவள். அவள் கையில் இருந்த தட்டு சரிந்து, காப்பி தளும்பி, முழங்கை வரைக்கும் வழிந்தது. சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஏன் அவளைப் பார்த்தார்கள் என்றால், அந்த வீட்டில் அதற்கொரு முறை இருந்தது. ஆண்டெனா ஒரு காற்றுக்கு ஒரு பக்கம் திரும்பும்; யாராவது மாடியில் ஏறிக் குழாயைப் பிடித்துத் திருப்பவேண்டும். கூடத்தில் இருப்பவன் ஒருவன் வலது என்பான், இன்னொருவன் இடது என்பான். ஒரு தடவை இரண்டையும் கேட்டுக் குழாய் கைப்பிடிச்சுவரில் மோதிக் கம்பி முறிந்துபோக, ஆவுடையப்பன் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். கூடத்தில் இருப்பவர்கள் பேச்சியிடம் சொல்லவேண்டும். பேச்சி முற்றத்தில் துவைகல்மேல் ஏறி நின்று, ஜன்னல் வழியாகப் படத்தையும் அண்ணாந்து மாடியையும் பார்த்து, மேலே சொல்லவேண்டும். மேலே நிற்பவள் பேச்சி சொன்னதைத் தவிர வேறு யார் சொன்னதையும் கேட்கக்கூடாது, வானமே இடிந்து விழுந்தாலும் சரி. மேலே நிற்பவள் பிச்சம்மாள்.

அவள் ஆவுடையப்பனுக்குத் தங்கை. இருபத்துமூன்று வயசில் தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வளைகாப்பு, பூச்சூட்டல், கல்யாணம் என்றால் பின்கட்டில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பாள். வெளியே புறப்படுகிறவர்கள் அவள் எதிரே வந்துவிட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஆண்டெனாவுக்கு மட்டும் அவள் கை ராசி. ஆம்பிளைகள் மூன்று பேர் மல்லுக்கட்டியும் அடங்காத எறும்பு, அவள் போய்க் குழாயைத் தொட்டால் போதும், அடங்கிவிடும். கையை எடுத்தால் திரும்ப ஊரும். அதனால் அவள் தொட்டபடியே நிற்கவேண்டும், நாடகம் முடிகிறவரைக்கும். பன்னிரண்டு வாரம் அப்படித்தான் நின்றாள். தெருவே பார்த்த நாடகத்தில் அவள் ஒரு காட்சிகூடப் பார்த்ததில்லை. இறங்கி வந்து கிணற்றடியில் பாத்திரம் துலக்கும்போது, “என்ன ஆச்சுட்டி? லெட்டர் வந்துச்சா?” என்று பேச்சியிடம் கேட்பாள்; பத்து வயசுப் பேச்சி பாதி பார்த்ததும் பாதி அவிழ்த்துவிட்டதுமாகக் கதை சொல்வாள்; சாம்பல் கையை அப்படியே வைத்துக்கொண்டு பிச்சம்மாள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பதின்மூன்றாம் வாரம் அவள் கேட்கவில்லை.

அதற்கு வருவோம். இப்போது ஆவணி ஞாயிறு. பேச்சியின் கால் அவளைக் கேட்காமலேயே முற்றத்துக்குப் போயிற்று. துவைகல் இன்னும் அங்கேதான் கிடந்தது. அதில் ஏறினாள். அண்ணாந்து பார்த்தால் மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் தவிர ஒன்றுமில்லை. “அத்தை, மலைப் பக்கமா கொஞ்சம்,” என்று அவள் வாய் சொன்னது. குழாய் திரும்புகிற கிறீச்சென்ற சத்தம் கேட்டது. கூடத்தில் “ஆ... தெரியுது, தெரியுது!” என்று கூச்சல். “அப்படியே நிக்கச் சொல்லு!”

நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மாடி கேட்டது: “ஏட்டி, இறங்கட்டுமா?”

பேச்சி பதில் சொல்லாமல் கல்லைவிட்டு இறங்கி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராத்திரி ஒரு கவளம் இறங்கவில்லை.

தெருவுக்கு இறங்கியது. அதுதான் அவளுக்கு அடுத்த அதிர்ச்சி. மறுநாள் காலையில் நாலு பேர் மாடியில் ஏறிப் பார்த்தார்கள். குழாய் நின்ற இடத்தில் சிமெண்டுத் தரையில் ஈரமாக இரண்டு பாதத் தடம், பக்கத்தில் ஒன்றுமில்லை. வெயிலில் அது காயவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, “சரி, நிக்கா,” என்று சொல்லி இறங்கிவிட்டார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவர், பழைய கரண்டு சில வீடுகளில் தங்கும் என்றார். கோயில் கமிட்டியில் இது சாமியா கரண்டா என்று ஒரு மணி நேரம் பேசி, எதுவாக இருந்தாலும் வெள்ளி செவ்வாயில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று.

மூன்றாம் வாரம் ஒருத்தி, தன் கல்யாணக் கேசட்டை மாற்றி வாங்கிய பென்டிரைவைக் கொண்டுவந்தாள். பூசணம் பிடித்து, தாலி கட்டுகிற கை மட்டும் தெரிந்து ஆள் தெரியாத கேசட். பிச்சம்மாள் குழாயைத் தொட்டதும் செத்துப்போன புருஷன் மாலையோடு பளிச்சென்று சிரித்தான். அதற்கப்புறம் கேட்கவேண்டுமா? மேலத்தெருக்காரர்கள் வந்தார்கள், பஸ் ஏறி வந்தார்கள், காதுகுத்து, மஞ்சள்நீராட்டு, கிரகப்பிரவேசம் என்று மங்கிப்போன படத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பந்தலில் எதிரே வரக்கூடாது என்று பின்கட்டில் உட்காரவைத்தார்களோ அந்தப் பந்தலையெல்லாம் இப்போது அவள்தான் தெளியவைத்தாள். மாடிப்படியில் குங்குமக் கலர் பட்டுச்சேலை ஒன்றைக்கூட மடித்து வைத்தார்கள், உயிரோடு இருந்தவரைக்கும் வெள்ளையைத் தவிர வேறு கட்டவிடாத அதே தெருக்காரர்கள்.

ஒவ்வொரு தடவையும் முடிவில் மாடி கேட்கும். “ஏட்டி, இறங்கட்டுமா?” ஒவ்வொரு தடவையும் பேச்சி வாய் திறக்கமாட்டாள். தெரு அவளைச் சுற்றி நின்றுகொண்டு, “சொல்லிராத, சொல்லிராத,” என்று கையைக் காட்டும்.

ஒன்பதாம் வாரம் மாடி வேறொன்று சொன்னது. “கை வலிக்குட்டி.”

பேச்சிக்கு, இப்போதாவது யாராவது ‘பாவம், இறங்கட்டும்’ என்று சொல்லிவிட மாட்டார்களா என்று இருந்தது. சண்முகையா எழுந்து போய் ஒரு பாட்டில் தைலத்தை மாடியில் வைத்துவிட்டு வந்தான். காலையில் பாட்டில் காலியாக இருந்தது. “பாத்தியா, தேய்ச்சிக்கிட்டாவ,” என்று எல்லாருக்கும் நிம்மதி. பத்தாம் வாரம் அவன் மாடிப்படிக்குக் கம்பிக்கதவு போட்டு, பெயிண்டால் ஓர் அறிவிப்பும் எழுதி மாட்டினான்: ‘இறங்கி வா என்று யாரும் சொல்லக் கூடாது. இப்படிக்கு தெரு மக்கள்.’

“சண்முகையா, இது அநியாயமா தெரியலையா உனக்கு? அது எங்க அத்தை.”

“தெரு பூராவுக்கும் அத்தைதான, பேச்சி. நீ ஏன் கெடந்து தவிக்க? அவ்வொளுக்கு அங்க நிக்கப் பிடிச்சிருக்கு. அன்னைக்கே நீ இறங்கி வரச் சொல்லியும் வராம நின்னவ்வொதான?”

பேச்சி அந்த வார்த்தையைக் கேட்டு அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். ஏனென்றால் அந்த வார்த்தை அவள் போட்ட விதை.

அன்றைக்கு, பதின்மூன்றாம் வாரம், மழை. தபால்காரரின் மருமகளுக்கு ஒருவழியாகக் கடிதம் வந்துவிட்டது, உறையைக் கிழிக்கப் போகிறாள், எறும்பு. “பிச்சம்மாகிட்டச் சொல்லு!” என்று பேச்சியின் அய்யா ஆவுடையப்பன் கத்தினார். மாடியில் அத்தை நனைந்துகொண்டே குழாயைப் பிடித்தாள். தெளிந்தது. “அப்படியே நிக்கச் சொல்லு!” என்றார் அய்யா. “அத்தை, அப்படியே நில்லு!” என்று பேச்சி சொன்னாள். மேற்கே இடி இடித்தது. “ஏட்டி, இடி இடிக்குட்டி, இறங்கட்டுமா?” என்று அத்தை கேட்டாள். கேட்டது பேச்சியின் காதில் நன்றாக விழுந்தது. ஆனால் உள்ளே உறை கிழிபட்டுவிட்டது. பேச்சி கல்லைவிட்டுக் குதித்து உள்ளே ஓடிவிட்டாள். டி.வி. ஒரு விநாடி வெள்ளையாக மின்னி, மறுபடி தெளிவாக ஓடியது. ஆஹா, இன்றைக்குத்தான் படம் கண்ணாடி மாதிரி என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நாடகம் முடிந்தது, செய்தி முடிந்தது, வந்தவர்கள் மழை விட்டுப் போனார்கள். இலை போட்டு உட்கார்ந்த பிறகு, பரிமாற ஆள் இல்லாதபோதுதான் தேடினார்கள். குழாயைவிட்டு அவள் விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

“நீ இறங்கி வரச் சொல்லலையாட்டி?” என்று அய்யா கேட்டார். “சொன்னேன் அய்யா. அத்தைதான் வரல,” என்றாள் பேச்சி. பத்து வயசு. அய்யா பெருமூச்சு விட்டு, “சொன்னா கேக்கமாட்டா, பிடிவாதக்காரி,” என்றார். அந்தப் பெயரோடுதான் பிச்சம்மாளைக் கொண்டுபோனார்கள். பேச்சி சொன்னதைத் தவிர வேறொன்றையும் கேட்காதவளுக்கு, பேச்சி சொல்லிக் கேட்காதவள் என்று பெயர். எந்தக் கடிதத்துக்காக ஓடினாளோ அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் பேச்சிக்கு அதற்கப்புறம் ஞாபகம் வந்ததே இல்லை.

ஐப்பசி கடைசி ஞாயிறு, பதின்மூன்றாம் வாரம் வந்தது. மத்தியானத்திலிருந்தே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கூடம் கொள்ளாமல் முற்றத்தில், வாசலில், ஜன்னல் கம்பிகளில் ஜனம். கடிதத்தில் என்ன இருந்தது என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லாததால் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை வேறு. தபால்காரர் கையெழுத்து வாங்கினார். மருமகள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எறும்பு ஊர ஆரம்பித்தது.

“ஏட்டி, தெரியுதா?”

பேச்சி துவைகல்மேல் நின்றாள். ஈஸிசேரிலிருந்து, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கத்தின அதே சொல்லை, அதே தொண்டையில், அவள் அய்யா கத்தினார்: “அப்படியே நிக்கச் சொல்லு!”

முதல் தூறல் விழுந்தது. இடித்தது. “ஏட்டி, இடி இடிக்குட்டி. இறங்கட்டுமா?”

“இறங்கி வா அத்தை!” என்று பேச்சி கத்தினாள். கத்தின கத்தலில் தொண்டை கிழிந்தது. “அன்னைக்கு நான் சொல்லல அத்தை! நீ கேட்டது எனக்குக் கேட்டுச்சு! படம் பாக்க ஓடிட்டேன்! சொன்னேன்னு பொய் சொன்னேன்! இறங்கி வந்துரு!”

டி.வி. முழுக்க எறும்பு. அப்புறம் ஆளாளுக்கு “என்ன பிள்ள இப்படிப் பண்ணிட்ட!” என்று பாய்ந்து வந்தவர்கள், மாடிப்படியில் ஈரக்கால் சத்தம் கேட்டதும் அங்கங்கே நின்றார்கள். கம்பிக்கதவு பூட்டோடு திறந்தது. வெள்ளைச் சேலை சொட்டச் சொட்ட, முப்பத்தொரு வயசு பிச்சம்மாள் இறங்கி வந்தாள். இரண்டு உள்ளங்கையும் கருகியிருந்தன. அவள் துவைகல்மேல் நின்ற நரைத்த பெண்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏட்டி பேச்சி, உனக்கு எப்பட்டி இவ்வளவு நரைச்சுது?”

திட்டுவாள் என்று பயந்தாள் பேச்சி, அடிப்பாள் என்று பயந்தாள். பிச்சம்மாள் கேட்டது வேறு.

“என்ன ஆச்சுட்டி? லெட்டர்ல என்ன இருந்துச்சு?”

“தெரியல அத்தை. எனக்கே தெரியல.”

பிச்சம்மாள் கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஜனம் தானாக விலகிற்று. அண்ணனுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்னால், ஆள் எழுந்து ஓடின பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அந்தக் கூடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை; இப்போது போய் உட்கார்ந்தாள். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு தரையைப் பார்த்தார். திரையில் எறும்பைத் தவிர ஒன்றுமில்லை. அவள் கருகின கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது மாடிக்குப் போகவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள்.

பேச்சி படியேறினாள். மழை பிடித்துக்கொண்டது. ஈரப் பாதம் இரண்டின்மேலும் தன் காலை வைத்தாள். அளவு சரியாக இருந்தது. வெறும் காற்றில் கையை நீட்டினாள். ஜில்லென்று இரும்பு கைக்குள் வந்தது. கீழே துவைகல்லில் யாரும் இல்லை, அதனால் நேராகவே கேட்டாள்: “தெரியுதா அத்தை?”

“தெரியுதுட்டி! அப்படியே நில்லு!”

நின்றாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது: கீழே அத்தனை தலையும், முற்றத்திலும் வாசலிலும் ஜன்னலிலும், வெளிச்சமாக இருந்த ஒரே ஒரு சதுரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தன, மேலே பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை. பதின்மூன்று வாரமும் அத்தை பார்த்த நாடகம் இதுதான் என்று நினைத்தபோது அவளுக்கு மழையில் வேர்த்தது. உள்ளே யாரோ கடிதத்தைப் படிக்கும் குரல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. இடி கிட்டத்தில் இடித்தது. இறங்கட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குழாயைப் பிடித்தாள்.

அப்போது முற்றத்தில் வெள்ளையாக ஓர் உருவம் வந்து துவைகல்மேல் ஏறி நின்றது. அண்ணாந்து பார்த்தது.

“ஏட்டி பேச்சி! இடி இடிக்கு, இறங்கி வா!”

“கடிதம் படிக்காங்களே அத்தை! நீ போய்ப் பாரு!”

“லெட்டர் கெடக்கு. கதைய நீ பெறவு சொல்லு. இறங்குட்டி!”

பேச்சி குழாயை விட்டாள். மூன்றாவது படியில் கால் வைக்கும்போது வானம் வெள்ளையாக வெடித்தது; தண்ணீர்த் தொட்டி இரண்டாகப் பிளந்து, படியோடு தண்ணீர் அவளைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் போட்டது. தெருவில் விளக்கெல்லாம் அணைந்தது. துவைகல்மேல் யாரும் இல்லை.

உள்ளே இருட்டில், “கடைசியா என்ன எழுதியிருந்துச்சு? யாராவது பாத்தியளா?” என்று சண்முகையாவின் குரல் கேட்டது. பாதியில் ஒருத்தி எழுந்துபோனதை அங்கே யாரும் கவனித்திருக்கவில்லை. ஆனால் சுவரைத் தடவித் தடவி ஒருத்தர் மட்டும் வெளியே வந்தார். நாடகம் ஓடும்போது ஆயுசில் எழுந்திராதவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து மகளின் தலையைத் துவட்டினார்.

“அவ இறங்கிட்டாளா?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“இறங்கிட்டா, அய்யா.”

“நீ அவளுக்குச் சொல்லிட்டியாட்டி?”

“சொன்னேன் அய்யா.” பேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மினாள். “அவளும் எனக்குச் சொன்னா.”